அச்சச் சுவையும் திரைக்கலையும்

தோற்றுவாய்

மக்கள் உள்ளத்தில் எழும் உணர்ச்சிகளுள் அச்சத்தைப்போல எல்லாரும் அறிந்ததும் இல்லை. அச்சத்தைப்போல எல்லாரும் மறைக்க விழைவதும் இல்லை. நகைத்தோம் என்று சொல்லிக்கொள்ள நாணுவார் எவருமிலர். துயர்க்கதை படித்து அழுதோம் என்பதைப் பலர் பெருமையாகவே கூறுகின்றனர். அஞ்சினோம் என்று சொல்லுதற்கு மட்டும் யாவர்க்கும் நாக்கூசுகின்றது. இக்கூச்சம் அவ்வுணர்ச்சியோடு நில்லாமல், அதனைப் பொருளாகக் கொண்ட கலையையும் பற்றிக்கொண்டது. ‘பேய்ப்படம்’ என்றவுடன் கற்றார் பலர் முகஞ்சுளிக்கின்றனர். அஃது அறியாச் சிறுவர்க்கும் பகுத்தறிவு குன்றினார்க்கும் உரியதென ஒதுக்குகின்றனர். தமிழிலக்கியத்தைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவன் ஒருவன் இத்தகைய படங்களைத் தேடித்தேடிக் காண்கின்றான் என்றறிந்தால், ‘சிலப்பதிகாரம் படிக்கும் உனக்கு இஃதென்ன ஆசை?’ என்று உடன்பயில்வோரே வினவுகின்றனர்.

அவ்வாசை எளியேனுக்கு உண்டு. கல்லூரிப் படிப்பு முடிந்தபின் திரைப்படம் எடுக்கக் கற்கவேண்டும் என்னும் வேட்கையும் உண்டு. இவ்விரண்டும் தம்முள் தொடர்பற்றன அல்ல. முன்னதினின்றே பின்னது பிறந்தது. ஆதலின், அச்சம் கலைக்குரிய பொருளாகுமா, அச்சப்படங்கள் படமெடுக்கக் கற்பார்க்கு எவ்வாறு ஆசானாகின்றன, அவற்றிற்கு எல்லை யாது என்னும் மூன்றையும் என் சிற்றறிவிற்கு எட்டியவாறு இக்கட்டுரைக்கண் ஆராயப் புகுகின்றேன்.

அச்சமும் ஒரு மெய்ப்பாடே

உள்ளத்துணர்ச்சி உடலின்கண் வெளிப்பட்டுத் தோன்றுவதை மெய்ப்பாடு என்றனர் நம் முன்னோர். ஆசிரியர் தொல்காப்பியனார் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, நகையும் அழுகையும் பெருமிதமும் உவகையும் வைத்த அவ்வரிசையிலேயே அச்சத்தையும் வைத்தார். அதனை இழிந்ததெனத் தள்ளினாரல்லர். யவன நாட்டு அறிஞராகிய அரிஸ்டாட்டிலும் அவலநாடகத்தின் பயன் கூறுமிடத்து, இரக்கத்தோடு அச்சத்தையும் சேர்த்தே கூறினார். செயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியில் பாலை வெம்மையையும் காளி கோயிலையும் பசித்த பேய்களையும் விரித்துப் பாடினார். அதனாற் பரணியின் பெருமை குன்றியதென்று சொல்வார் எவருமிலர். பாட்டில் ஏற்புடையதாகிய ஒன்று படத்தில் ஏற்புடையதாகாமைக்குக் காரணம் யாதென எனக்குப் புலப்படவில்லை.

இன்னும் ஒன்று நோக்கத்தக்கது. அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கெனத் தொல்காப்பியனார் வகுத்தார். பேயும் தெய்வமும் போன்ற அணங்கு ஒன்று, கொடுவிலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, தம்மை ஆளும் இறை ஒன்று. யான் கண்ட அச்சப்படங்களை இந்நான்கு பெயரின்கீழ்ப் பகுத்துப் பார்த்தேன். இரத்தங் குடிக்கும் பிரபுவும், சிறுமியைப் பற்றிய தீய ஆவியும் அணங்கின்பாற் படும். கடற்சுறாவும் பெருங்குரங்கும் விலங்கின்பாற் படும். கத்தியோடு வீட்டினுட் புகும் கொலைஞன் கள்வரின்பாற் படுவான். அதிகாரத்தாற் பிறர் அறிவைக் கட்டுப்படுத்துவோன் இறையின்பாற் படுவான். மேனாட்டார் நூறாண்டுகளாக எடுத்துக் குவித்த படங்கள் இந்நான்கு கூட்டினுள் அடங்குதல் கண்டு வியந்தேன். மனிதன் அஞ்சும் பொருள்கள் காலத்திற்கேற்ப உடை மாற்றிக்கொள்கின்றனவேயன்றி, உரு மாற்றிக்கொள்வதில்லை போலும்.

அற்றேல், அஞ்சுதல் துன்பமன்றோ, அதனைப் பணங்கொடுத்து வாங்குவாரும் உளரோ எனின், உண்மையில் எதிர்ப்படும் புலி வேறு, திரையில் எதிர்ப்படும் புலி வேறு என்க. முன்னதற்கு அஞ்சுவோன் ஓடுகின்றான். பின்னதற்கு அஞ்சுவோன் இருக்கை நுனியில் அமர்ந்து, தன் நெஞ்சு துடிப்பதைத் தானே உற்றுக் கேட்கின்றான். தன் அச்சத்தைத் தானே காணும் வாய்ப்பு அவனுக்கு வேறெங்கும் கிட்டுவதில்லை. அக்காட்சியே துன்பத்தைச் சுவையாக்குகின்றது.

நிழல் தந்த பாடம்

அச்சப்படங்கள் திரைக்கலைக்குக் கற்பித்த முதற்பாடம் ஒளியையும் நிழலையும் ஆளும் முறையாகும். முதல் உலகப்போரில் தோல்வியுற்று நைந்திருந்த ஜெர்மனியில், ராபர்ட் வீன என்பார் 1920ஆம் ஆண்டில் ‘டாக்டர் காலிகாரியின் பேழை’ என்னும் மௌனப்படத்தை வெளியிட்டார். சந்தையில் வித்தை காட்டும் ஒருவன், துயிலில் நடக்கும் இளைஞன் ஒருவனைப் பேழையுள் வைத்திருந்து, தன் ஏவலாற் கொலைசெய்விக்கின்றான் என்பது கதை. இப்படத்தில் வீடுகள் சாய்ந்து நிற்கும், சன்னல்கள் கோணியிருக்கும், தெருக்கள் கூர்முனையாய் முடியும். விளக்கினால் உண்டாக்கவேண்டிய ஒளியையும் நிழலையும் ஓவியர் தூரிகைகொண்டு சுவரிலும் தரையிலும் தீட்டியே வைத்தனர். உலகை உள்ளவாறு காட்டுதற்கே காமிரா என்றிருந்த எண்ணத்தை இப்படம் மாற்றியது; கலங்கிய உள்ளத்திற்கு உலகம் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறு காட்டவும் காமிரா வல்லது என்பதை நாட்டியது.

இரண்டாண்டு கழித்து, 1922இல், எஃப். டபிள்யூ. முர்னாவ் ‘நோஸ்பெராட்டு’ என்னும் படத்தை எடுத்தார். பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட ‘டிராகுலா’ நாவலை உரிமை பெறாமலே தழுவியது இது. ஸ்டோக்கரின் மனைவியார் வழக்குத் தொடுக்க, படிகளை யெல்லாம் அழித்துவிடுமாறு ஜெர்மானிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் அயல்நாடுகளில் எஞ்சிய சில படிகளால் அப்படம் பிழைத்தது. இன்றும் காணக் கிடைக்கின்றது. பேய்ப்பிரபு மாடிப்படி ஏறும் காட்சியில் அவன் உருவம் காட்டப்படுவதில்லை. கூனிய உடலும் நீண்ட விரல்களும் கொண்ட அவன் நிழல் மட்டும் சுவரில் ஏறிச் செல்கின்றது. பின்னர் அந்நிழலின் கை ஒரு பெண்ணின் மார்பின்மேற் படர்ந்து, நெஞ்சைப் பற்றுவதுபோற் குவிகின்றது. கருவியும் பொறியும் மிகுந்துவிட்ட இக்காலத்திலும், அந்நிழலினும் சிறந்த பேயை யான் திரையிற் கண்டிலேன். ஒரு விளக்கும் ஒரு சுவரும் இருந்தால் அச்சம் படைக்கலாம் என்பதை அக்காட்சி எனக்குக் கற்பித்தது.

மறைத்துக் காட்டல்

இரண்டாவது பாடம், சொல்லவேண்டியதைச் சொல்லாமற் சொல்லுதல். அகப்பாடல்களில் உள்ளுறை உவமம் பயின்றார்க்கு இது புதிதன்று. புலவன் வெளிப்படக் கூறுவது ஒன்று. கேட்போன் உள்ளத்தில் நிறைவெய்துவது மற்றொன்று. அச்சப்படமும் இவ்வாறே காண்போன் கற்பனையைத் துணைக்கொண்டு இயங்குகின்றது.

அமெரிக்காவில் ஆர்.கே.ஓ. என்னும் நிறுவனம் 1942இல் வால் லூட்டன் என்பாரிடம் அச்சப்படப் பிரிவு ஒன்றை ஒப்படைத்தது. ஒரு படத்திற்கு 1,50,000 டாலருக்கு மேற் செலவாகலாகாது. படம் 75 நிமிடத்திற்கு மிகலாகாது. படத்தின் பெயரை நிறுவனமே தரும் என்பன அவருக்கு விதித்த கட்டளைகள். முதலில் தரப்பட்ட பெயர் ‘கேட் பீப்பிள்’. சினங்கொண்டால் தான் சிறுத்தையாக மாறிவிடுவேன் என்று நம்பும் பெண்ணொருத்தியின் கதையாக அதனை அமைத்தனர். ஜாக் டூர்னர் இயக்கினார். மற்றொரு பெண் இரவில் தனியே நடந்து செல்கின்றாள். அவள் காலடி ஓசையைத் தொடர்ந்து பிறிதொரு காலடி ஓசை கேட்கின்றது. திடீரென்று அப்பின்னோசை நின்றுவிடுகின்றது. அவள் நடை விரைகின்றது. இதோ சிறுத்தை பாயப்போகின்றது என்று நாம் மூச்சடக்கும் வேளையில், சீறலோசையோடு திரையினுட் புகுவது ஒரு பேருந்து! விலங்கும் வரவில்லை, குருதியும் சிந்தவில்லை. ஆயினும் அரங்கினர் அனைவரும் துள்ளினர். இவ்வுத்தி இன்றளவும் ‘லூட்டன் பஸ்’ என்றே படத்தொழிலாரால் வழங்கப்படுகின்றது.

லூட்டனிடம் தொழில் செய்தோருள் ராபர்ட் வைஸ் என்பார் ஒருவர். படத்தொகுப்பாளராயிருந்த அவர், அப்பிரிவிலேதான் முதன்முதல் இயக்குநரானார். பின்னாளில் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ (1961), ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ (1965) என்னும் புகழ்பெற்ற இசைப்படங்களை எடுத்துச் சிறந்த இயக்குநருக்குரிய ஆஸ்கர் பரிசை இருமுறை பெற்றவர் இவரே. அவ்விரண்டிற்கும் இடையே, 1963இல், ‘தி ஹாண்டிங்’ என்னும் பேய்வீட்டுப் படத்தை எடுத்தார். அதில் பேய் ஒருமுறையேனும் கண்ணுக்குத் தோன்றுவதில்லை. மூடிய கதவொன்று மூச்சு விடுவதுபோல் உட்புறம் புடைத்து வருகின்றது, அவ்வளவே. ஆல்ப்ஸ் மலைச்சாரலில் சிறாரைப் பாடவைத்த கலைஞர், மூடிய கதவினால் நம்மை நடுங்கவைக்கவும் அறிந்திருந்தார். அச்சப்பள்ளியிற் பயின்ற கை எப்பொருளையும் ஆளவல்லது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுமோ?

மறைத்தல் சிலவேளை தேவையாற் பிறப்பதும் உண்டு. ‘ஜாஸ்’ (1975) படத்திற்காகச் செய்த பொறிச்சுறா கடலின் உப்புநீரிற் பழுதுபட்டுக் கொண்டேயிருந்தது. 55 நாளில் முடிக்கக் கருதிய படப்பிடிப்பு 159 நாள் நீண்டது. இருபத்தேழு வயது இளைஞராகப் படப்பிடிப்பைத் தொடங்கிய ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், காட்ட இயலாத சுறாவை நீர்மேல் மிதந்தோடும் மஞ்சட் பீப்பாய்களாலும், ஜான் வில்லியம்ஸ் அமைத்த இருசுர இசையாலும் உணர்த்தினார். சுறாவின் தலையை நாம் நேருக்கு நேர் காண்பது படம் தொடங்கி ஒரு மணி நேரத்திற்குப் பின்னரே. இசையையும் அவர் அறத்தோடு கையாண்டார். சிறுவர் இருவர் அட்டைத் துடுப்பைக் கட்டிக்கொண்டு விளையாட்டாக ஏமாற்றும் காட்சியில் அவ்விசை ஒலிப்பதில்லை. மெய்ச்சுறா வரும்போதே ஒலிக்கின்றது. காண்போனிடம் பொய் சொல்லாத கலைஞனே காண்போனை அச்சுறுத்த வல்லவன் என்பதை யான் இதனாற் கற்றேன்.

வெட்டும் ஓசையும்

மூன்றாவது பாடம் படத்தொகுப்பும் ஒலியுமாம். ஆல்பிரட் ஹிட்ச்காக் தம் ‘சைக்கோ’ (1960) படத்தைத் தொலைக்காட்சித் தொடருக்குப் பணியாற்றிய குழுவினரைக் கொண்டே, எட்டு இலட்சம் டாலர் அளவான செலவில், கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அதிலுள்ள குளியலறைக் கொலைக்காட்சி திரையில் முக்கால் நிமிட அளவே ஓடுவது. ஆனால் அதனைப் பிடிக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. கத்தியும் கையும் முகமும் நீரும் துண்டுதுண்டாய் விரைந்து மாறிமாறித் தோன்றுகின்றன. கத்தி உடலிற் பாய்ந்ததைக் கண்ணாரக் கண்டதாகவே நாம் நினைக்கின்றோம். உண்மையில் அத்துண்டுகளை ஒட்டிப் பார்த்த நம் உள்ளமே அக்கொலையைச் செய்துமுடிக்கின்றது. வடிகாலில் ஓடும் குருதி சாக்லேட் பாகு. கத்தி பாயும் ஓசை முலாம்பழத்தைக் குத்தி எழுப்பியது. இக்காட்சிக்கு இசையே வேண்டாமென்று முதலில் எண்ணியிருந்தார் ஹிட்ச்காக். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் நரம்புக்கருவிகளை மட்டும் கொண்டு கீச்சிடும் இசையொன்றை அமைத்துக் காட்டினார். அதனைக் கேட்டபின் ஹிட்ச்காக் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். பெரியோர் தம்மினும் சிறந்த கருத்தைக் கேட்டபோது இணங்கினர் என்பதும் நாம் கற்கத்தக்க பாடமே.

‘ஹாலோவீன்’ (1978) எடுத்த ஜான் கார்ப்பென்டர், இசையும் ஒலியும் சேர்க்காத நிலையில் தம் படத்தை ஒரு நிறுவன அலுவலருக்குக் காட்டியபோது அவர் சிறிதும் அஞ்சவில்லை என்று கூறியுள்ளார். பின்னர்த் தம் தந்தையார் இளமையிற் கற்பித்த ஐந்தெண்ணித் தாளத்தில் தாமே இசையமைத்துச் சேர்த்தார். அதே படம் கண்டாரை நடுக்குவித்தது. ஏறத்தாழ மூன்று இலட்சம் டாலர் செலவில் முடிந்த இப்படத்தின் கதை இலையுதிர் காலத்தில் நிகழ்வது. படம் பிடித்ததோ வசந்தத்தில். எனவே செயற்கைச் சருகுகளைத் தெருவில் தூவிப் படம்பிடித்து, அவற்றையே மறுபடியும் வாரி அடுத்த தெருவில் தூவினராம். கொலைஞன் அணிந்த முகமூடியும் கடையில் வாங்கிய மலிவான விளையாட்டுப் பொருளே. அதற்கு வெள்ளை பூசிக்கொண்டனர்.

வறியார்க்கு வாய்த்த பள்ளி

இச்செய்திகளிலிருந்து நாம் அறிவதோர் உண்மையுண்டு. அரசர் வரலாறு எடுப்பார்க்கு அரண்மனையும் படையும் வேண்டும். காதற்படம் எடுப்பாரும் பெயர்பெற்ற நடிகரை நாடுகின்றனர். அச்சப்படம் எடுப்பார்க்கு ஓர் இருட்டறை போதும். ஆகவே பொருளும் பெயரும் இல்லாத இளைஞர் பலர் இவ்வாயில் வழியாகவே திரையுலகிற் புகுந்தனர்.

ஜார்ஜ் ரொமீரோ பிட்ஸ்பர்க் நகர நண்பர்களைக் கூட்டிக்கொண்டு, ஏறத்தாழ 1,14,000 டாலர் செலவில் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ (1968) எடுத்தார். சாம் ராய்மி தம் இருபதாவது வயதில் டென்னஸி மாநிலத்துக் காட்டிலுள்ள ஒரு குடிலில் ‘தி ஈவில் டெட்’ (1981) படப்பிடிப்பைத் தொடங்கினார். முதலில் ஒரு குறும்படம் எடுத்துப் பலருக்கும் காட்டி, பல் மருத்துவர் முதலாயினாரிடம் பணந்திரட்டினார். காமிராவை அதிராது செலுத்தும் விலையுயர்ந்த கருவி வாங்க வகையின்மையால், ஒரு பலகையின் நடுவே காமிராவைப் பொருத்தி, இருவர் இருபுறமும் பிடித்துக்கொண்டு காட்டினூடே ஓடினர். அவ்வோட்டமே கண்ணுக்குத் தெரியாத தீயசக்தி விரைந்து வருவதாகத் திரையிற் காட்சியளித்தது. வறுமை ஈன்ற அவ்வுத்தியைப் பின்னர்ச் செல்வமுடையாரும் கைக்கொண்டனர். ராய்மியும் ‘ஸ்பைடர்மேன்’ (2002) போன்ற பெரும்படங்களுக்கு இயக்குநரானார்.

நியூசிலாந்து நாட்டுப் பீட்டர் ஜாக்சன் வரலாறு இன்னும் இனிது. வில்லிஸ் ஓபிரையன் பொம்மைகளைச் சிறிதுசிறிதாக அசைத்து உயிரூட்டிய ‘கிங் காங்’ (1933) படத்தைச் சிறுவயதில் தொலைக்காட்சியிற் கண்ட அவர், படமெடுப்பதே தம் வாழ்வென அன்றே துணிந்தார். பத்திரிகை நிலையமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே, வார இறுதிகளில் நண்பர்களைக் கூட்டி, நான்காண்டுகள் ‘பேட் டேஸ்ட்’ (1987) என்னும் படத்தை எடுத்தார். வேற்றுலகத்தார் முகமூடிகளை அவர் வேகவைத்தது தம் தாயாரின் சமையலறை அடுப்பிலேயாம்! அவ்விளைஞரே பின்னாளில் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்று பகுதிகளையும் எடுத்தார். 2003இல் வெளிவந்த மூன்றாம் பகுதி 11 ஆஸ்கர் பரிசுகளைப் பெற்றது. தமிழ்நாட்டிலும் கார்த்திக் சுப்பராஜ் குறும்படங்களிற் பயின்று, ‘பீட்சா’ (2012) என்னும் பேய்வீட்டுக் கதையையே தம் முதல் முழுநீளப் படமாக எடுத்து முன்னுக்கு வந்தார்.

படமெடுக்கும் வேட்கையுடையார் தவறாது காணவேண்டியது ஜப்பானிய இயக்குநர் ஷினிச்சிரோ உவேடாவின் ‘ஒன் கட் ஆஃப் தி டெட்’ (2017). முப்பது இலட்சம் யென்னில், பெயரறியா நடிகரைக் கொண்டு எடுத்த இது, முந்நூறு கோடி யென்னுக்கு மேல் ஈட்டியது. முதல் 37 நிமிடம் வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாகச் செல்லும் பிணப்பேய்க் கதை. பார்ப்பதற்குக் குறைகள் மலிந்தது. பிற்பகுதியோ அக்கதை எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதைக் காட்டுகின்றது. முன்னர் நாம் எள்ளி நகைத்த ஒவ்வொரு குறைக்கும் பின்னே ஒரு மனிதனின் பாடு இருந்தமை அப்போது விளங்குகின்றது. உயரத்திலிருந்து பிடிக்கவேண்டிய கடைசிக் காட்சிக்குரிய கருவி உடைந்துபோக, குழுவினர் ஒருவர்மேல் ஒருவராய் ஏறி மனிதக்கோபுரம் அமைத்துக் காமிராவைத் தாங்குகின்றனர். பேய்ப்படமாகத் தொடங்கியது, கூட்டுழைப்பின் மேன்மை பாடும் படமாக முடிகின்றது.

யாம் செய்து பார்த்தது

இவற்றையெல்லாம் ஏட்டளவில் வைத்தல் போதாதென்று, சென்ற ஆண்டு விடுதி நண்பர் மூவரும் யானும் கைப்பேசிக் காமிரா ஒன்றைக்கொண்டு நான்கு நிமிடக் கதையொன்றைப் படம்பிடித்தோம். தேர்வுக்குப் படிக்கும் மாணவன் ஒருவன் நள்ளிரவில், பூட்டிக்கிடக்கும் அடுத்த அறையில் யாரோ விளக்குமாறுகொண்டு பெருக்கும் ஓசையைக் கேட்கின்றான், இவ்வளவே கதை. விளக்குமாறு சமையற்கூடத்தில் இரவல் பெற்றது. விளக்கு, நண்பர் ஒருவரின் கைவிளக்கு. ஒப்புநோக்கும் பொருட்டு முடிவை இருவகையாக எடுத்தோம். ஒன்றிற் கதவு திறக்க, உள்ளே வெள்ளாடை உருவம் நிற்கும். மற்றொன்றிற் கதவு திறவாது. பெருக்கும் ஓசை மெல்ல நின்று, கதவிடுக்கின் வழியே ஒரு கைப்பிடிக் குப்பை மட்டும் வெளியே தள்ளப்படும்.

இரண்டையும் விடுதியார்க்குப் போட்டுக் காட்டினோம். வெள்ளாடை உருவம் கண்டு அனைவரும் கைகொட்டிச் சிரித்து, உள்ளே நின்றவர் பெயரையும் சொல்லிவிட்டனர். குப்பை வெளிவந்தபோதோ பேச்செழவில்லை. அன்றிரவு நடைவழி விளக்கை அணைக்கவேண்டாமென்று ஒருவர் கேட்டுக்கொண்டார். படிப்பிலும் விளையாட்டிலும் துணிவுமிக்கவர் அவர். லூட்டனும் ஸ்பீல்பெர்க்கும் நிறுவிய விதி கடல்கடந்து எங்கள் விடுதி நடைவழியிலும் பிழையாமல் நின்றது. ஒரு கலைவிதியைப் படித்தறிதல் வேறு, தன் கையாற் செய்து, பிறர் முகத்திற் கண்டறிதல் வேறு என்பதை அன்று உணர்ந்தேன்.

அச்சத்தின் எல்லை

இனி, இப்படங்களின்மீது சாற்றப்படும் குற்றத்தையும் எண்ணிப் பார்த்தல் கடன். ‘இவை கொடுமையைக் காட்டி உள்ளத்தை மரத்துப்போகச் செய்கின்றன’ என்பர் சான்றோர். அது முற்றும் பொய்யன்று. உடலை அறுத்தலும் சிதைத்தலுமே பொருளாகக் கொண்ட படங்கள் பல உள. அவை எழுப்புவது அச்சமன்று, அருவருப்பு. அச்சம் அடுத்து நிகழப்போவதை நோக்கியது. ஆதலின் உள்ளத்தை விழிப்பிக்கின்றது. அருவருப்போ முன்னே கிடப்பதை விட்டு முகந்திருப்பச் செய்வது. பலகாற் கண்டால் பழகிப்போவது. பிறர்நோவு பழகிப்போதல் நல்லோர்க்கு அடாது. ஆகவே ஒரு படம் முடிந்தபின், துன்புற்றோனுக்காக என் உள்ளம் இரங்குகின்றதா, அன்றித் துன்புறுத்தியவன் திறமையை வியக்கின்றதா என்று என்னையே வினவிக்கொள்வேன். பின்னதாயின் அப்படத்தை மறுமுறை காணேன்.

நல்ல அச்சப்படம், எதற்கு அஞ்சவேண்டும் என்பதைத் திருத்திக் காட்டுகின்றது. ரொமீரோவின் படத்தில் பிணப்பேய்கள் சூழ்ந்த வீட்டில் இரவு முழுதும் அறிவோடு போராடிப் பிழைத்தவன் பென் என்னும் கறுப்பினத்தான். விடிந்தபின் காக்க வந்த மனிதர், அவனையும் பேயென்று கருதிச் சுட்டு வீழ்த்துகின்றனர். பேயினும் கொடியது ஆராயாத மனிதக்கை என்று சொல்லாமற் சொல்லி முடிகின்றது அப்படம். ஜார்டன் பீல் இயக்கிய ‘கெட் அவுட்’ (2017) படத்தில், காதலியின் வீட்டிற்கு விருந்தினனாகச் செல்லும் கறுப்பின இளைஞனுக்கு இன்சொல்லும் உபசரிப்புமே பொறியாகின்றன. அப்படத்தின் கதைவசனத்திற்காக 2018இல் பீல் ஆஸ்கர் பெற்றார். மூலத் திரைக்கதைக்கு அப்பரிசு பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. மேற்கூறிய நான்கனுள் இறையென்னும் அச்சத்திற்கு இக்காலத்து எடுத்துக்காட்டு இதுவாகும்.

கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த எனக்கு, வில்லியம் பிரீட்கின் எடுத்த ‘தி எக்ஸார்சிஸ்ட்’ (1973) தனிப்பொருள் தந்தது. சிறந்த படத்திற்குரிய ஆஸ்கர் பரிசுக்கு முன்மொழியப்பட்ட முதல் அச்சப்படம் அது. சிறுமியின் படுக்கையறையைப் பெருங்குளிர்ப்பொறிகளால் உறையச்செய்து, நடிகரின் மூச்சே ஆவியாய்த் தோன்றுமாறு படம்பிடித்தனர். அவ்வுத்தியினும் என்னைக் கவர்ந்தது அதன் முடிவு. நம்பிக்கை தளர்ந்திருந்த இளங்குரு, அச்சிறுமியை விடுவித்தற்பொருட்டுத் தீய ஆவியைத் தன்மேல் ஏற்று, சன்னல் வழியே பாய்ந்து உயிர் துறக்கின்றார். இருள் எத்துணை அடர்ந்ததென்று முன்னே காட்டியிராவிட்டால், அவ்வன்பு எத்துணைப் பெரிதென்று நமக்குத் தெரிந்திராது. ‘நோஸ்பெராட்டு’விலும் பேய் மாய்வது வாளினாலன்று, தன்னுயிரை ஈந்து விடியும்வரை அதனை நிறுத்திவைத்த ஒரு பெண்ணினாலேயே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், அச்சம் கலைக்குரிய மெய்ப்பாடுகளுள் ஒன்றே என்பதும், அதனைப் பொருளாகக் கொண்ட படங்கள் நிழலை ஆளவும், மறைத்துக் காட்டவும், ஓசையைப் பொருளாக்கவும், சிறுபொருளாற் பெருவிளைவு காணவும் கற்பிக்கும் பள்ளியாயின என்பதும், இரக்கத்தோடு கூடிய அச்சமே உயர்ந்தது என்பதும் பெறப்படும். காண்போன் எப்போது மூச்சடக்குவான், எப்போது மூச்சு விடுவான் என்று ஒவ்வொரு நொடியும் எண்ணிப்பார்த்துச் செய்யவேண்டிய தொழில் இது. பிறர் உள்ளத்தை இத்துணைக் கூர்ந்து எண்ணுதல் ஒருவகை அன்பே என்பது என் துணிபு.

பேயும் பூதமும் வேறுவேறு நிலத்தில் வேறுவேறு வடிவின. ஜெர்மானியர் தம் கோணற் தெருக்களையும், அமெரிக்கர் தம் பண்ணை வீடுகளையும், ஜப்பானியர் தம் பாழடைந்த ஆலைகளையும் கொண்டு படைத்தனர். நமக்கோ பாலைத்திணையின் ஆறலைகள்வர் உளர். யாமத்துக் கூகை உண்டு. பூட்டிய அறையில் விளக்குமாற்றின் ஓசையும் உண்டு. மாணவ நண்பர்களே, உங்களுள் யார்க்கேனும் படமெடுக்கும் வேட்கை இருப்பின், பெருஞ்செல்வர் வரவை எதிர்பார்த்திருக்கவேண்டா. ஒரு கைவிளக்கையும், ஒரு மூடிய கதவையும், உண்மையுள்ள இரண்டு நண்பர்களையும் தேடிக்கொள்ளுங்கள். கதவை மட்டும் அவசரப்பட்டுத் திறந்துவிடாதீர்கள்.